மாஸ்டர்ஸ் டிக்கெட்டுக்குப் படிக்கப் போகும் மேட்டுகளுக்கு

கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட்டாக ஓடிக்கொண்டிருப்பவர்கள், கேப்டன் (மாஸ்டர்) ஆவதற்கான மாஸ்டர்ஸ் டிக்கெட்டுக்குத் தேவையான சீ டைம், அதாவது கடலில் வேலை செய்த காலம், சேர்ந்துவிட்டது, அடுத்த லீவில் உட்கார்ந்துவிடலாமா என்று யோசிப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் சென்னையில் தங்கிப் படித்து, ராஜாஜி சாலை ஆங்கர்கேட் கட்டடத்தில் இருக்கும் எம்.எம்.டி. என்கிற மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்டில் ஓரல்ஸ் (வாய்மொழித் தேர்வு) கொடுத்து டிக்கெட் வாங்கியவன். இப்போது கேப்டனாகப் போய்வருகிறேன். கப்பலில் சேரும் மேட்டுகள் முதலில் கேட்பது, "சார், என்ன நோட்ஸ் படிச்சீங்க?" என்றுதான். நோட்ஸ் யாரிடமும் கிடைக்கும். அதை எந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறோம் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

செகண்ட் மேட் தேர்வில் "இது என்ன?" என்று கேட்பார்கள். சீஃப் மேட்டில் "கணக்குப் போட்டுக் காட்டு" என்பார்கள். மாஸ்டர்ஸில் கேள்வி மாறிவிடும். "கேப்டன், இப்போ என்ன பண்ணப் போறீங்க?" அதற்கு முதல் வாக்கியத்திலேயே ஒரு முடிவு வர வேண்டும். காரணம், விதி, கணக்கு எல்லாம் அதன் பின்னால் வரலாம். "கேப்டனைக் கூப்பிடுவேன்" என்ற பதில் இனி கிடையாது. பல வருடம் அந்தப் பதிலைச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது லேசான மாற்றம் இல்லை. பாடத்திட்டம் முழுவதையும் இந்த ஒரு கேள்வியின் வழியாகப் படியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

தகுதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் விதிதான் அடிப்படை. 3000 ஜி.டி. (கிராஸ் டன்னேஜ், கப்பலின் கொள்ளளவுக் கணக்கு) அல்லது அதற்கு மேற்பட்ட கப்பலுக்கு மாஸ்டர் ஆக வேண்டுமென்றால் வாட்ச் கீப்பிங் ஆபீசராக 36 மாதம் சீ டைம் வேண்டும். அதில் 12 மாதம் சீஃப் மேட்டாக ஓடியிருந்தால் 24 மாதம் போதும். நம் நாட்டில் அதோடு ஏ.எஸ்.எம். என்கிற அட்வான்ஸ்டு ஷிப்போர்டு மேனேஜ்மென்ட் கோர்ஸ், சிமுலேட்டர் கோர்ஸ்கள், மெடிக்கல் கேர் என்று வரிசையாக இருக்கிறது. டி.ஜி. ஷிப்பிங் என்கிற மத்திய அரசு அலுவலகம் இந்தப் பட்டியலை அவ்வப்போது மாற்றும். சீனியர் சொன்னார் என்று கிளம்பாமல், கடைசியாக வந்த சுற்றறிக்கையை நீங்களே படித்துவிட்டு லீவைத் திட்டமிடுங்கள். சி.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகளும் கம்பெனி தரும் சீ சர்வீஸ் கடிதத்தில் உள்ள தேதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று கப்பலை விட்டு இறங்கும்போதே பாருங்கள். ஒரு நாள் வித்தியாசத்துக்காக ஊரிலிருந்து திரும்ப அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி படிப்பு.

மேட்டுகள் எல்லாரும் கடைசியில் தள்ளிப்போடுவது சட்டமும் வணிகமும் உள்ள பகுதி. ஸ்டெபிலிட்டி, நேவிகேஷன் எல்லாம் கையில் பழகியவை. பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்கான பத்திரம்), சார்ட்டர் பார்ட்டி (கப்பலை வாடகைக்கு விடும் ஒப்பந்தம்), ஜெனரல் ஆவரேஜ் (பொது ஆபத்திலிருந்து தப்பச் செய்த இழப்பைக் கப்பலும் சரக்கும் பகிர்ந்துகொள்வது) என்றால் வக்கீல் விவகாரம் என்று தோன்றும். என் அனுபவத்தில் கேப்டன் வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதனால் படிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.

எனக்கு அது புரிந்தது ஒரு கப்பலில் ஸ்டீல் காயில் ஏற்றியபோது. மழை விட்டுவிட்டுப் பெய்த ராத்திரி. லாரியில் வந்த காயில்களில் பலவற்றின் பட்டைகளில் துரு, சிலவற்றின் உறை கிழிந்து உள்ளே ஈரம். சரக்கை வாங்கியதற்கு மேட் தரும் மேட்ஸ் ரிசீட்டில் நான் அதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அதிகாலையில் சரக்கை அனுப்பும் ஷிப்பரின் ஆள் வந்து, பில்லை ரிமார்க் இல்லாமல் கிளீனாகக் கொடுங்கள், அதற்கு ஈடாக, பின்னால் வரும் நஷ்டத்தை ஏற்பதாக லெட்டர் ஆஃப் இன்டெம்னிட்டி தருகிறோம் என்றார். எங்கள் கேப்டன் தூத்துக்குடிக்காரர். அந்த ஆளுக்கு டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தத் துரு நம்ம கப்பல்ல வந்ததா, கரையிலேர்ந்து வந்ததா? டிஸ்சார்ஜ் போர்ட்ல ரிசீவர் கேட்டா நீ எந்தப் பேப்பரைக் காட்டுவ?"

அந்தக் கேள்விக்குள் ஒரு அத்தியாயமே இருக்கிறது. கடல்வழிச் சரக்குக்கான ஹேக் விதிகளின்படி பில்லில் சரக்கின் வெளித்தோற்ற நிலையை எழுத வேண்டும். கிளீன் பில்லை நம்பி வங்கி பணம் கொடுக்கிறது; அதை நம்பி மூன்றாவது ஒருவர் சரக்கை வாங்குகிறார். துரு இருப்பது தெரிந்தும் கிளீன் என்று கையெழுத்துப் போட்டால் அந்த மூன்றாமவரை ஏமாற்றியதாக ஆகும். அதற்கு ஈடாக வாங்கிய இன்டெம்னிட்டி கடிதம் கோர்ட்டில் நிற்காது. ஓனருக்குப் பொறுப்புக் காப்பீடு தரும் பி அண்ட் ஐ கிளப்பும் கை விரித்துவிடும். ஆகவே கேப்டன் செய்ய வேண்டியது: ரிமார்க்கை மேட்ஸ் ரிசீட்டில் இருப்பதுபோலவே பில்லிலும் ஏற்றச் சொல்வது, ஓனருக்கும் கிளப்புக்கும் தகவல் கொடுப்பது, சர்வேயரை வரவழைப்பது, மோசமான காயில்களை மாற்றச் சொல்லிக் கேட்பது, ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் இருப்பது. எங்கள் கேப்டன் அன்றைக்கு அதைத்தான் செய்தார். ஓரல்ஸில் பில் ஆஃப் லேடிங் பற்றிக் கேட்டபோது எனக்குப் பக்க எண் எதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த ராத்திரிதான் வந்தது. அதையே வரிசையாகச் சொன்னேன்.

ஆபத்தில் இருக்கும் கப்பலைக் காப்பாற்றும் சால்வேஜும் இப்படித்தான். மெஷின் நின்று, கப்பல் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு டக் (இழுவைக் கப்பல்) வந்து நிற்கிறது. ஆபீசுக்குப் போன் பண்ணி அனுமதி கேட்பதாகச் சொன்னால் எக்ஸாமினர் முகம் மாறும். 1989 சால்வேஜ் உடன்படிக்கையின் 6வது பிரிவு ஓனர் சார்பில் சால்வேஜ் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை மாஸ்டருக்கே கொடுக்கிறது. "நோ கியூர், நோ பே" (காப்பாற்றாவிட்டால் கூலி இல்லை) என்ற லாயிட்ஸ் ஓப்பன் ஃபார்முக்கு வானொலியில் வாய்மொழியாகவே சம்மதம் சொல்லலாம். ஒத்துக்கொண்டேன் என்று முதலில் சொல்லுங்கள். ஆபீசுக்குத் தெரிவித்ததை அடுத்து சொல்லுங்கள்.

ஜெனரல் ஆவரேஜுக்கு ஹோல்டு (சரக்கு அறை) தீயை வைத்துப் படியுங்கள், எல்லாம் அதில் வந்துவிடும். தீயில் எரிந்த சரக்கு ஜெனரல் ஆவரேஜ் ஆகாது. தீயை அணைக்க நீங்கள் விட்ட தண்ணீரால் கெட்ட சரக்கு ஆகும். புகையாலும் வெப்பத்தாலும் வந்த சேதத்துக்கு ஈடு இல்லை. யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அப்படியென்றால் கேப்டனின் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்? எந்த நேரத்தில் எந்த ஹோல்டில் எவ்வளவு தண்ணீர் விட்டோம், அதற்கு முன் சரக்கு எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம். சட்டத்தைப் படித்தால் லாக் புக் எழுதும் கையே மாறிவிடும்.

பதிவேட்டின் அருமை தெரிய வேண்டுமென்றால் ஹெபெய் ஸ்பிரிட் வழக்கைப் படியுங்கள். 2007 டிசம்பர் 7 அன்று தென்கொரியக் கரைக்கு அருகே நங்கூரம் போட்டு நின்றிருந்த அந்த டேங்கர் மீது, இழுவைக் கம்பி அறுந்த ஒரு கிரேன் பார்ஜ் வந்து மோதியது. பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கேப்டனும் சீஃப் ஆபீசரும் இந்தியர்கள். முதல் கோர்ட் விடுவித்தது; 2008 டிசம்பரில் அப்பீலில் தண்டித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். 2009 ஜூனில்தான் இருவரும் ஊர் திரும்ப முடிந்தது. நின்றிருந்த கப்பலின் ஆட்களுக்கே இந்த நிலை. விபத்து நடந்த முதல் மணி நேரத்தில் கேப்டன் என்ன செய்தார், எதை எழுதினார், வி.டி.ஆர். (பயணப் பதிவுக் கருவி) பதிவைச் சேமித்தாரா, யாரிடம் என்ன பேசினார் என்பதை வருடக்கணக்கில் பிரித்துப் பார்ப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். சட்டப் பாடத்தை மார்க்குக்காகப் படிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. 2025-இல் நம் நாட்டில் மூன்று சட்டங்கள் புதிதாக வந்திருக்கின்றன. 1958 மெர்ச்சன்ட் ஷிப்பிங் சட்டம், 1925 கடல்வழிச் சரக்குச் சட்டம், 1856 பில்ஸ் ஆஃப் லேடிங் சட்டம் மூன்றுக்கும் மாற்று. வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பி.டி.எஃப். நோட்ஸில் உள்ள செக்ஷன் எண்களை அப்படியே ஒப்பிக்காதீர்கள்.

ஸ்டெபிலிட்டியில் மேட்டுகளுக்கு நல்ல பிடிமானம் இருக்கும். கப்பலின் நிலைப்பை அளக்கும் ஜி.எம். குறைந்தபட்சம் 0.15 மீட்டர், தானியம் ஏற்றினால் 0.30 மீட்டர், சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் திறனைக் காட்டும் ஜி.இஜட். வளைவின் கீழ் 30 டிகிரி வரை 0.055 மீட்டர்-ரேடியன் என்று மடமடவென்று சொல்வார்கள். மாஸ்டர்ஸில் எண் தெரிந்தால் மட்டும் போதாது. ஏற்றும் சரக்கைக் கணக்கிடும் லோடிகேட்டர் கருவி எல்லாம் பச்சையாகக் காட்டும்போதும் ஏற்ற மாட்டேன் என்று எப்போது சொல்வீர்கள் என்று கேட்பார்கள். இதற்கு நம் கடற்கரையிலேயே பாடம் இருக்கிறது. 2009 மழைக்காலத்தில் ஜூலையில் மங்களூர் அருகே ஏசியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாரதீப் அருகே பிளாக் ரோஸ் என்று இரண்டு கப்பல்கள் இரும்புத்தாதுத் தூளோடு மூழ்கின. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் அந்தத் தூள் கப்பலின் குலுக்கலில் கூழாகி ஒரு பக்கம் சரிந்துவிடும். அதன் பிறகு ஜி.எம். எவ்வளவு இருந்தது என்று பேசிப் பயனில்லை.

மொத்தமாகக் கொட்டி ஏற்றும் திடச் சரக்குக்கான ஐ.எம்.எஸ்.பி.சி. கோடில் கப்பலிலேயே செய்யக்கூடிய கேன் டெஸ்ட் இருக்கிறது. அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் பிடிக்கும் டப்பாவில் பாதி அளவு தூளைப் போட்டு, சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான மேசைமேல் ஓங்கித் தட்ட வேண்டும், ஒன்றிரண்டு வினாடி இடைவெளியில் 25 முறை. மேலே தண்ணீர் மினுங்கினால், தூள் கூழ்போல் தளர்ந்தால், லேபில் மறுபடி சோதிக்காமல் ஏற்றக் கூடாது. இதைப் படித்து மட்டும் வைக்காதீர்கள். பல்க் கேரியரில் இருக்கும்போது ஒருமுறை கையால் செய்து பாருங்கள். காய்ந்த மண் மாதிரி தெரிந்த சாம்பிள், இருபது தட்டு ஆவதற்குள் மேலே பளபளவென்று ஈரம் விடுவதைப் பார்த்தால் பிறகு மறக்கவே மறக்காது. இன்னொன்று: டப்பாவில் தண்ணீர் தெரியவில்லை என்பதால் சரக்கு பத்திரம் என்று பொருளில்லை. ஈரப்பத சாம்பிள் எடுத்து ஏற்றுவதற்குள் ஏழு நாளுக்கு மேல் ஆகக் கூடாது. நடுவில் நல்ல மழை பெய்திருந்தால் மறுபடி சோதிக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கேட்கும் துணிவு மாஸ்டருக்கு இருக்கிறதா என்பதைத்தான் எக்ஸாமினர் பார்க்கிறார்.

ஆர்.ஓ.ஆர். (கடலில் மோதல் தவிர்க்கும் விதிகள்) பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இதில்தான் பலர் விழுகிறார்கள். விதிகளை வரி பிசகாமல் சொல்ல வேண்டும். அதில் சமரசம் இல்லை. எக்ஸாமினர் மேசைமேல் மாடல் கப்பலை வைத்து, "ஃபாக், விசிபிலிட்டி அரை மைல், ரேடாரில் ஸ்டார்போர்டு பீமில் ஒரு டார்கெட் நெருங்கி வருது" என்பார். கை பழக்கத்தில் ஸ்டார்போர்டு (வலப்பக்கம்) திரும்பினால் போச்சு. 19வது விதி பீமிலோ (கப்பலின் நேர் பக்கவாட்டிலோ) பீமுக்குப் பின்னாலோ இருக்கும் கப்பலை நோக்கித் திரும்பாதே என்கிறது. அதைச் சரியாகச் சொன்ன பிறகு அடுத்த கேள்வி வரும்: "ஃபாக் வரும்னு உங்களுக்கு எப்போ தெரியும்? நைட் ஆர்டர்ல என்ன எழுதினீங்க? எத்தனை மைலுக்குக் குறைஞ்சா உங்களைக் கூப்பிடணும்?" மேட்டாகப் படித்தவர் திரும்புவதோடு நின்றுவிடுவார். மாஸ்டராகப் படித்தவர் மெஷினை ஸ்டாண்ட்பை, லுக்அவுட், ஹேண்ட் ஸ்டியரிங், சேஃப் ஸ்பீடு என்று பிரிட்ஜ் முழுவதையும் அடுக்கிவிடுவார். எண்ணூர், சென்னை பக்கம் ராத்திரி வந்திருந்தால் மீன்பிடி படகுகளுக்கு நடுவே எப்படி வந்தோம் என்பதையும் யோசித்து வையுங்கள். மங்கலான ஒரு விளக்கோடு வலை விரித்து நிற்பவரிடம் வழி உரிமை பேச முடியாது. நல்ல கடலோடிக்குரிய முன்னெச்சரிக்கையைக் கேட்கும் 2வது விதி எதற்கு இருக்கிறது என்பது அங்கே புரியும்.

புயல் பாடத்தை வங்காள விரிகுடாவை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். காற்றழுத்தத்தைத் தினசரி ஏற்ற இறக்கத்துக்குத் திருத்திய பிறகும் வழக்கமான சராசரியைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படு, 5 குறைந்தால் புயல் இருக்கிறது என்று நடந்துகொள். வட அரைக்கோளத்தில் காற்று வலஞ்சுழியாக மாறிக்கொண்டே போனால் ஆபத்தான அரைவட்டத்தில் இருக்கிறீர்கள். காற்றை ஸ்டார்போர்டு பௌவில் (வலது முன்பக்கம்) வைத்து, மாற மாற ஸ்டார்போர்டுக்கே திரும்ப வேண்டும். இடஞ்சுழியாக மாறினால் காற்றை ஸ்டார்போர்டு குவார்ட்டரில் (வலது பின்பக்கம்) வைத்து ஓட வேண்டும். இதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். நங்கூரத்தில் நிற்கும்போது புயல் வந்தால்? சென்னையில் படிப்பவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராகவே போக வேண்டும். 2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதிபா காவேரி என்ற டேங்கர் சென்னை நங்கூரப் பகுதியிலிருந்து இழுபட்டு பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டியது. லைஃப்போட்டில் இறங்கியவர்களில் சிலர் படகு கவிழ்ந்து உயிரிழந்தார்கள். கப்பலிலேயே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். எலியட்ஸ் பீச்சில் நின்று அந்தக் கப்பலைப் பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். எப்போது நங்கூரம் எடுத்து ஆழ்கடலுக்குப் போவது, எவ்வளவு எண்ணெயும் தண்ணீரும் கையிருப்பில் இல்லாவிட்டால் ஓனரிடம் எழுத்தில் எச்சரிப்பது, தரை தட்டிய கப்பலை எந்தக் கட்டத்தில் கைவிடுவது: இந்த மூன்றுக்கும் உங்கள் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸ் ஐந்தாம் அத்தியாயம் 34-1ஐப் படியுங்கள். உயிர்ப் பாதுகாப்புக்காக மாஸ்டர் எடுக்கும் முடிவை ஓனரோ சார்ட்டரரோ தடுக்கக் கூடாது என்கிற விதி அது. புயலில் கப்பலைக் கிளப்ப நினைக்கும் கேப்டனுக்கு முதல் துணை அதுதான்.

ஷிப் ஹேண்ட்லிங் படித்து வருவதைவிடச் செய்து வருவது. ஆனாலும் ஸ்குவாட் (ஓடும்போது கப்பல் கூடுதலாக அமிழ்வது) கணக்கை விரல்நுனியில் வையுங்கள். திறந்த நீரில் கப்பலின் வடிவத்தைக் குறிக்கும் பிளாக் கோஎஃபிஷியன்ட்டை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி நூறால் வகுப்பது. கோஎஃபிஷியன்ட் 0.8 என்றால் 12 நாட் வேகத்தில் 1.15 மீட்டர், 6 நாட் வேகத்தில் 0.29 மீட்டர்தான். குறுகிய கால்வாயில் இது இரட்டிப்பாகும். பைலட் வேகம் கேட்கும்போது, கீல் அடியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று மனக்கணக்கில் சொல்லி மறுக்கத் தெரிய வேண்டும்.

ஆட்களைப் பற்றிய பாடத்தை எளிது என்று ஒதுக்குகிறார்கள். 24 மணி நேரத்தில் 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்று சொன்னால் முடிந்தது என்று நினைப்பு. "மூணு போர்ட் அடுத்தடுத்து, மேட் தூங்கலை, பைலட் ஒரு மணி நேரத்துல வர்றார்" என்று கேட்டால்? கப்பலை நங்கூரத்தில் நிறுத்தி ஆட்களைத் தூங்க வைப்பேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். சொன்னபடி ஒருநாள் செய்யவும் செய்வீர்கள். கப்பலில் ஒருவர் இறந்தால் என்ன செய்வது, குடும்பத்துக்கு யார் சொல்வது, அவருடைய பொருட்களை எப்படிப் பட்டியலிடுவது என்பதும் பாடத்தில் உண்டு. அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

எப்படிப் படித்தேன் என்று கேட்பவர்களுக்கு: பாதிப் படிப்பைக் கப்பலிலேயே முடித்துவிட வேண்டும். கரையில் கல்யாணம், வீடு, பேங்க், குழந்தையின் ஸ்கூல் என்று நாள் ஓடிவிடும். கப்பலில் சார்ட்டர் பார்ட்டி நகல் கேப்டன் கேபினில் இருக்கும், கேட்டால் கொடுப்பார். லேடைம் (சரக்கு ஏற்றி இறக்கத் தரும் நேரம்), ஆஃப் ஹையர் (வாடகை நிற்கும் காலம்) எல்லாம் அதில் உயிரோடு இருக்கும். நோட்டீஸ் ஆஃப் ரெடினஸ் (கப்பல் தயார் என்ற அறிவிப்பு), லெட்டர் ஆஃப் புரோட்டஸ்ட் (ஆட்சேபக் கடிதம்) இரண்டையும் "நான் டிராஃப்ட் பண்றேன் சார், நீங்க திருத்துங்க" என்று கேட்டு வாங்கி எழுதுங்கள். சிவப்பு மையில் திருத்தி வரும் அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கரைக்கு வந்தால் தனியாகப் படிக்காதீர்கள். நாங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்த மூன்று பேர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்ததும் ஒருவர் எக்ஸாமினர், ஒருவர் கேப்டன், மூன்றாமவர் குறை சொல்பவர். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொல்லத் திணறுபவர்களுக்கு இந்தப் பயிற்சி பெரிய துணை. வாய்விட்டுச் சொன்னால்தான் எங்கே இடறுகிறோம் என்று தெரியும்.

ஓரல்ஸ் அன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். கப்பலில் அதை எந்தப் பப்ளிகேஷனில் பார்ப்பேன் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் உயிர், மோதல், தீ மூன்றிலும் அப்படிச் சொல்ல இடமில்லை.

டிக்கெட் வந்த கையோடு கம்பெனி கப்பலைக் கொடுத்துவிடாது. இன்னும் சில கான்ட்ராக்ட் மேட்டாகவே போக வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் கேப்டன்கள் ஹேண்டோவர் செய்யும்போது அனுமதி கேட்டு ஓரமாக நில்லுங்கள். எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதி, கப்பலைச் சோதிக்கும் கிளாஸ் நிறுவனம் போட்ட நிபந்தனைகளில் எது பாக்கி, சேஃபில் எவ்வளவு கேஷ், மெடிக்கல் லாக்கரில் எத்தனை மார்ஃபின் ஆம்பூல் என்று அவர்கள் எந்த வரிசையில் சரிபார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது ஏஜென்ட் கீழே காரோடு காத்திருப்பார், இறங்குகிற கேப்டனுக்கு ஃப்ளைட் அவசரம் இருக்கும். இருந்தாலும் ஆம்பூலை எண்ணுங்கள், கேஷை எண்ணுங்கள். குறைந்தால் அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.